கேன் குரோனிக்கிள்ஸா, நிக்கோலஸ் ஃபிளமெல் வரிசையா?

உடன்பிறந்தவர்களுக்கு மாயசக்தி வரும் கதை தேடுபவர்கள் பலரும் இந்த இரண்டு ஆங்கில நாவல் வரிசைகளுக்கு நடுவேதான் தடுமாறுகிறார்கள்.

நீளம்: ரிக் ரியார்டனின் கேன் வரிசை மூன்றே நாவல்கள் (2010–12). மைக்கேல் ஸ்காட்டின் ஃபிளமெல் ஆறு (2007–12).

சக்தி: கேனில் கார்ட்டருக்கும் தங்கை சேடிக்கும் பாரோக்களின் (பண்டைய எகிப்திய மன்னர்கள்) ரத்தம், தாய்வழி, தந்தைவழி இரண்டிலும் வருகிறது. ஃபிளமெலில் சோஃபி, ஜோஷ் இரட்டையர்கள். சக்தி பிறவியிலேயே உண்டு, ஆனால் வேறொருவர் அதைத் தட்டி எழுப்ப வேண்டும். சோஃபிக்கு முதலில் விழித்துவிடுகிறது, ஜோஷ் பொருமுகிறான். அந்தப் பொறாமைதான் கதைக்கே உயிர் என்பேன்.

சொல்முறை: கேனில் இருவரும் மாறி மாறி ஒலிப்பதிவில் பேசுகிறார்கள், நடுவே சண்டை வேறு. ஃபிளமெலில் பாத்திரங்கள் ஏராளம்; இடைவெளி விட்டால் பெயர்கள் மறந்துபோகும்.

சிரித்தபடி சீக்கிரம் முடிக்கக் கேன் சரி. பொறுமையுள்ளவர்கள் ஃபிளமெலை எடுக்கலாம். ஆறையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள், பாதியில் நிறுத்த முடியாது.