சேலத்தில் பழைய புல்லட்டுக்கு வால்வு வேலை: லீவில் போனபோது பார்த்தது

லீவில் ஊருக்கு வரும்போது பழைய புல்லட்டை எங்கே கொடுத்து எஞ்சின் வேலை பார்ப்பது என்று யோசிக்கிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சேலத்திலேயே தாராளமாகப் பார்க்கலாம். லேத் பட்டறைக்கு இங்கே பஞ்சமே இல்லை. ஆனால் டேப்பட் (எஞ்சின் வால்வைத் தள்ளித் திறக்கும் பாகம்) சத்தத்தை அரை மணி நேரத்தில் நிறுத்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் சாவியைக் கொடுக்காதீர்கள்.

எங்களுடையது மாமாவின் 1978 மாடல் 350, பேரல் (சிலிண்டர்) வார்ப்பிரும்பு, கியர் வலது காலில். மாமாவுக்கு முட்டி வலி வந்த பிறகு அஸ்தம்பட்டி வீட்டில் நின்றேபோன வண்டி. உதைத்துக் கிளப்பியதும் மேலே தையல் மெஷின் ஓடுவதுபோல் ஒரு சத்தம். முதலில் கொடுத்தது பளபளவென்று இருந்த ஓர் ஒர்க்‌ஷாப்பில். உட்கார ஏசி ரூம், கம்ப்யூட்டர் பில், பையன்கள் நல்ல மரியாதை. டேப்பட்டை இறுக்கிக் கொடுத்தார்கள். சத்தம் போய்விட்டது, கூடவே ஸ்டார்ட்டிங்கும் போய்விட்டது.

இந்தப் பழைய எஞ்சினில் டேப்பட் செட்டிங்கே கொஞ்சம் விசித்திரம். எஞ்சின் ஆறியிருக்கும்போது, பிஸ்டன் கம்ப்ரஷனில் மேலே நிற்கையில், இடைவெளி என்று எதுவும் இருக்கக் கூடாது, ஆனால் புஷ்ராடை (டேப்பட்டின் தள்ளலை மேலே வால்வுப் பக்கம் கொண்டுபோகும் கம்பி) விரலால் திருப்பினால் சுற்ற வேண்டும். அதற்கு மேல் இறுக்கினால் வால்வு தன் சீட்டில் (மூடும்போது அது உட்காரும் வளையம்) முழுதாக உட்காராது, கம்ப்ரஷன் கசியும். புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டைப் பெரும்பாலும் சீட்டுக்குக் கடத்தித்தான் பிழைக்கிறது, உட்காராவிட்டால் சீக்கிரம் கருகிவிடும். அந்தப் பையன்களையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது, அவர்கள் தொழில் பழகியது 2008க்குப் பிறகு வந்த யூசிஇ (எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் உள்ள) எஞ்சின்களில், அதில் இடைவெளியை எண்ணெய் அழுத்தத்தில் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டேப்பட், கையால் செட் செய்யும் வேலையே கிடையாது.

அப்புறம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு தகரக் கொட்டகை. போர்டுகூட இல்லை. அங்கிருந்த வயதான மெக்கானிக் சத்தத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. "செட் பண்ணி எத்தனை கிலோமீட்டர்ல மறுபடி லூசாகுதுங்க தம்பி?" என்றுதான் கேட்டார். மாமாவைக் கேட்டால், நிறுத்துவதற்கு முன்னாலேயே மாதம் ஒருமுறை டைட் வைக்க வேண்டியிருந்ததாம். அப்படியானால் எங்கேயோ இரும்பு கரைகிறது என்று வலது பக்க டைமிங் கவரைக் கழற்றினார். எஞ்சினைப் பிளக்காமலே கேம் (சுழன்று டேப்பட்டைத் தூக்கும் பாகம்) இரண்டையும் பார்த்துவிடலாம், இந்த வண்டியின் பெரிய வசதி அது. எக்ஸாஸ்ட் கேமின் மூக்கில், அதாவது தூக்கும் முனையில், அம்மைத் தழும்பாகக் குழிகள். கேமின் மேல்தோல் மட்டும்தான் கடினமாக்கப்பட்டது, அது உடைந்துவிட்டால் உள்ளே இருக்கும் மிருதுவான இரும்பு வேகமாகத் தேயும். இறுக்கிக்கொண்டே போனால் சத்தம் என்னவோ அடங்கும், ஆனால் வால்வு திறக்கும் உயரம் குறைந்துகொண்டே வரும், வண்டி இழுக்காது. ஏற்காட்டு வளைவுகளில் செகண்ட் கியருக்கு மேல் போகவில்லை என்று மாமா பெட்ரோலைத் திட்டியதன் காரணம் இதுதான்.

ஐடிலிங்கில் விட்டு சூடேற்றுவதும் கேமுக்கு நல்லதில்லை என்றார். எனக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை, யோசித்தால் சரிதான்: வேகமாக ஓடும்போது, மூக்கில் ஏறும் இடத்தில், வால்வு, அதை அழுத்தும் நெம்புகோலான ராக்கர் எல்லாவற்றின் வேகமே ஸ்பிரிங் அழுத்தத்தில் கொஞ்சத்தைத் தின்றுவிடும், மெதுவாக ஓடும்போது முழு அழுத்தமும் அந்த மூக்கின் மேல்தான். நீண்ட நாள் நின்ற வண்டியில் எண்ணெயும் வழிந்துபோயிருக்கும். ராக்கருக்கு எண்ணெய் ஏற்றும் மெல்லிய குழாய் பாதி அடைத்திருந்தது. ஜாவா, யெஸ்டி பைக் வைத்திருந்தால் இந்த வால்வுத் தொல்லையே இல்லை என்று சிரித்தார், டூ ஸ்ட்ரோக்காரர்களின் பழைய பெருமை.

பாகம் கிடைப்பதுதான் தலைவலி. கடையில் கொடுத்த முதல் செட் கேமை அரம் வைத்து உரசிப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார், அரம் பிடிக்கிறது என்றால் கடினமே ஆக்கவில்லை என்று அர்த்தம். நான் இருப்பது இங்கிலாந்தில் பர்மிங்ஹாம். ராயல் என்ஃபீல்டின் தாய்வீடான ரெட்டிச் அங்கிருந்து பக்கம்தான், அந்தத் தொழிற்சாலை 1967இல் மூடியது, ஆனாலும் பழைய வண்டிப் பாகம் அந்த நாட்டில் போன் போட்டால் தபாலில் வந்துவிடும். வரும்போதே பெட்டியில் கேம் ஒரு செட் போட்டுக்கொண்டு வருவது புத்திசாலித்தனம். ஆனால் ஹெட் (சிலிண்டரின் மேல் மூடி, வால்வுகள் இருக்கும் பகுதி) வேலைக்கு அங்கே வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இங்கே காலையில் கொடுத்ததை சாயந்திரம் லேத்துக்காரர் முடித்துவிட்டார். ஹெட்டைச் சூடேற்றிப் பழைய கைடை (வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழல்) தட்டி எடுத்து, புதியது போட்டு, ரீமர் ஓட்டித் துளையை அளவாக்கி, அந்தக் கைடையே மையமாக வைத்து சீட்டையும் வெட்டினார். கைடை மட்டும் மாற்றிவிட்டு சீட்டை விட்டுவிடுகிறவர்களும் உண்டு, கேட்டு வாங்குங்கள். கடைசியில் ஹெட்டைக் கவிழ்த்து மண்ணெண்ணெய் ஊற்றி வைத்தார், வால்வைத் தாண்டிப் போர்ட்டில் (காற்றும் புகையும் போகும் வழி) ஒரு சொட்டு இறங்கவில்லை.

குறை என்றால், இவர்கள் யாரும் அளவு எழுதித் தருவதில்லை. பில்லும் கேட்டால்தான். தேய்ந்த பாகத்தை முதலிலேயே கேட்டு வைக்காவிட்டால் பழைய இரும்புக்குப் போய்விடும்.

ஆயில் கெட்டியான 20-50 ரகம்தான். புதிய கார்களுக்கான மெல்லிய ஆயில்களில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் காப்பாற்ற பாஸ்பரஸைக் குறைத்துவிட்டார்கள், கேமைக் காக்கும் ஜிங்க் சேர்மமும் அதோடு குறைகிறது, விலை அதிகம் என்பதற்காக அதை வாங்கி ஊற்றாதீர்கள்.

ஏற்காட்டுக்கு ஏறினோம், இருபது கொண்டை ஊசி வளைவும் இழுத்தது. எனக்கு முக்கியம் இறக்கம்தான். ஆக்சிலேட்டரை மூடிக்கொண்டே இறங்கினால் சிலிண்டர் உறிஞ்சும், தேய்ந்த கைடு வழியாக எண்ணெய் உள்ளே போகும், அடிவாரத்தில் முறுக்கினால் நீலப்புகை காட்டிக்கொடுத்துவிடும். பின்னால் காரில் வந்த மச்சானை அதைப் பார்க்கத்தான் சொல்லியிருந்தேன். புகை இல்லை என்றான். ஐந்நூறு கிலோமீட்டரில் புஷ்ராடை ஒருமுறை திருப்பிப் பார்க்கும் பொறுப்பும் அவனுக்குத்தான், செய்கிறானா பார்ப்போம்.