ஐஸ்லாந்து சாம்பல் ஐரோப்பாவுக்கு எத்தனை வருடத்துக்கு ஒருமுறை வரும்? மண், பனி, சதுப்பு: எதைக் கேட்பது?

2010 ஏப்ரலில் ஐஸ்லாந்தின் எய்யாஃப்யாட்லயோக்குட் எரிமலை (பெயரை ஒரே மூச்சில் சொல்பவருக்குப் பரிசே தரலாம்) வெடித்து, ஒரு வாரத்துக்குள் சுமார் ஒரு லட்சம் விமானப் பயணங்கள் ரத்தாயின. இது அடிக்கடி நடக்கக்கூடியதா என்று அதற்கப்புறம்தான் பலரும் கேட்டார்கள். செயற்கைக்கோள் படங்கள் சில பத்தாண்டுகளுக்குத்தான் உண்டு. அதற்கு முந்தையதைப் பழைய படிவுகளில்தான் தேட வேண்டும்.

முதலில் ஐஸ்லாந்து மண். எரிமலை கக்கும் சாம்பலையும் துகள்களையும் குறிக்கும் டெஃப்ரா என்ற சொல்லை அறிவியலுக்குக் கொண்டுவந்த ஐஸ்லாந்து புவியியலாளர் சிகுர்துர் தோராரின்சன் தொடங்கிவைத்த வேலை இது. குழி வெட்டினால் கறுப்பும் வெள்ளையுமாக அடுக்குகள் கண்ணுக்கே தெரியும். 1104-ல் ஹெக்லா எரிமலை கக்கியது எவ்வளவு, எந்தப் பக்கம் போனது என்று தடிமனை அளந்தே சொல்லிவிடலாம், பழைய ஏடுகளும் துணைக்கு இருக்கின்றன. வெடிப்பின் அளவு தெரிய வேண்டுமென்றால் இதற்கு மிஞ்சியது இல்லை. ஆனால் ஐஸ்லாந்தில் வெடித்ததெல்லாம் லண்டன் வரை வந்துவிடாது, காற்று எந்தப் பக்கம் அடித்தது என்பதுதான் அதைத் தீர்மானிக்கும்.

கிரீன்லாந்துப் பனியில் தேதி துல்லியம். ஐஸ்லாந்தில் மனிதர்கள் குடியேறிய காலத்துச் சாம்பல் அடுக்கு 870-களைச் சேர்ந்தது என்று உறுதியானதே அங்கே வருட அடுக்குகளை எண்ணித்தான். அந்தப் பக்கம் பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்காகத்தான் காற்று. கிரீன்லாந்தோ ஐஸ்லாந்துக்கு மேற்கே இருக்கிறது, ஐரோப்பா கிழக்கே. அதனால் நம் கேள்விக்கு இது பாதி சாட்சிதான்.

என் ஓட்டு அயர்லாந்து, ஸ்காட்லாந்து, ஸ்காண்டிநேவியா பக்கத்துப் பீட் சதுப்புகளுக்கு (பீட் என்பது பாதி மக்கிய செடிகள் அடுக்கடுக்காகச் சேர்ந்த மண்). சாம்பல் உண்மையிலேயே வந்து விழுந்த இடம் அது. கண்ணுக்கு எதுவும் தெரியாது. பீட்டை எரித்தோ அமிலத்தில் கரைத்தோ, மிஞ்சுவதை நுண்ணோக்கியில் வைத்து, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத, சாம்பலாக வந்த கண்ணாடித் துகள்களை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும், பிறகு வேதிக் கலவையைப் பார்த்து எந்த எரிமலை என்று கண்டுபிடிக்க வேண்டும். பொறுமை இல்லாதவர் கிட்டேயே போகக்கூடாத வேலை. இப்படி 7000 வருடப் பதிவைத் தொகுத்த 2011-ஆம் ஆண்டு ஆய்வு, கடைசி 1000 வருடத்தில் சராசரியாக 56 வருடத்துக்கு ஒருமுறை சாம்பல் வந்திருக்கிறது என்றது. பிறகு தரவு கூடியதும், 2017-ல் அது சுமார் 44 ஆகக் குறைந்தது.

சதுப்பிலும் ஓட்டை உண்டு. மழை பெய்த இடத்தில் சாம்பல் அதிகமாக இறங்கும், பெய்யாத இடத்தில் தலைக்கு மேலேயே போய்விடும். பசால்ட் வகைக் கண்ணாடி அமிலச் சேற்றில் நாளடைவில் கரைந்தும் போகலாம். ஆக, உண்மையில் வந்தது இதைவிட அதிகமாகத்தான் இருக்கும். வானத்தில் ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை மில்லிகிராம் மிதந்தது என்பதுதான் விமான எஞ்சினுக்கு முக்கியம், அதை மூன்றில் எதுவும் நேரடியாகச் சொல்லாது.

அப்புறம், 44 என்பது வெறும் சராசரி. 2010 முடிந்து அடுத்த மே மாதமே கிரிம்ஸ்வோட்ன் என்ற இன்னொரு ஐஸ்லாந்து எரிமலை வெடித்து, ஸ்காட்லாந்தில் மறுபடியும் விமானங்கள் நின்றன.