ஈ வேஷக்காரரோடு பத்து வருஷம்

ஆங்கிலேயப் பாடகர், கிதார்காரர் ரிச்சர்ட் தாம்சனின் 'ஹென்றி தி ஹியூமன் ஃப்ளை' ஆல்பத்தைக் கேட்க ஆரம்பித்துப் பத்து வருஷம் ஆகிறது. அதில் முதல் இரண்டு வருஷம் எனக்கு இது பிடிக்கவே இல்லை.

ஃபேர்போர்ட் கன்வென்ஷன் என்ற ஆங்கிலேய ஃபோக்-ராக் குழுவின் பாட்டில் ஊறிப்போய் இதற்கு வந்தவன் நான். அங்கே சாண்டி டென்னி பாடுவார், தாம்சனின் கிதார் பதில் சொல்லும். 1971 தொடக்கத்தில் அந்தக் குழுவிலிருந்து விலகிய தாம்சன், 1972இல் தனியாக இதைக் கொண்டுவந்தார். பன்னிரண்டு பாட்டு, எல்லாம் அவர் குரலில். அந்தக் குரலோ வாத்தியங்களுக்குப் பின்னால் பதுங்கி நிற்கிறது, கூச்சக்காரப் பையனை மேடையில் தள்ளிவிட்ட மாதிரி. டென்னி பாடுவதோ பின்னணியில்தான்; பேசாமல் அவரையே பாடவிட்டிருக்கலாம் என்று தோன்றியது. அட்டையில் வேறு தாம்சனுக்கு ஈ வேஷம்! வந்த புதிதில் விற்பனை படுத்துவிட்டது என்று படித்தபோது, சரி, நியாயம்தான் என்று நினைத்தேன்.

திரும்ப இழுத்தது முதல் பாட்டான 'ரோல் ஓவர் வான் வில்லியம்ஸ்'இன் கிதார். தலைப்பிலேயே குறும்பு: பீத்தோவனை ஓரம்போகச் சொன்ன ராக் அண்ட் ரோல் பாடகர் சக் பெர்ரியின் 'ரோல் ஓவர் பீத்தோவன்' பாட்டையும், நாட்டுப்புறப் பாடல்களைத் தேடித் தேடிச் சேகரித்த இசையமைப்பாளர் வான் வில்லியம்ஸையும் ஒரே முடிச்சில் போட்டிருக்கிறார். வாசிப்பும் அப்படித்தான். எலெக்ட்ரிக் கிதார்தான், ஆனால் அமெரிக்க ப்ளூஸ் இசையின் வாடை இல்லை. அடியில் ஒத்து ஊதுகிற மாதிரி ஒரு சுரம் இழைய, மேலே பேக்பைப் போல மெட்டு நெளிந்து போகிறது. இதைச் சத்தமாக வைத்துக் கேட்க வேண்டும். நான் அதுவரை தூங்கப்போகும் நேரத்தில் மெல்ல வைத்துக் கேட்டதுதான் தப்பு.

குரல் பிடிபட இன்னும் நாளானது. 'தி புவர் டிச்சிங் பாய்' என்றொரு பாட்டு. காதலில் அடிபட்ட ஒரு ஏழைப் பையனின் புலம்பல். நல்ல பாடகர் கையில் கிடைத்திருந்தால் அழுது தீர்த்திருப்பார். தாம்சன் வேலை முடிந்து வீடு திரும்புகிறவன் சொல்வதுபோல் சொல்லிவிட்டுப் போகிறார். ஜான் கிர்க்பாட்ரிக்கின் அக்கார்டியனும் கூட்டிக்குறைக்காமல் பக்கத்திலேயே நடக்கிறது. இப்போது வேறு யார் பாடிக் கேட்டாலும் எனக்கு மிகையாகப் படுகிறது.

குறை இல்லாமல் இல்லை. இரண்டு மூன்று பாட்டு இன்றுவரை ஒட்டவில்லை, தாண்டிவிடுவேன். சில இடங்களில் வரிகளைத் தாளில் படித்தால்தான் புரியும்.

நண்பர்கள் தாம்சன் வேண்டும் என்றால் முதலில் நான் கொடுப்பது, 1974இல் மனைவி லிண்டாவோடு சேர்ந்து அவர் செய்த ஆல்பத்தைத்தான். அதைக் கேட்டுவிட்டு, 'அப்புறம்?' என்று திரும்பி வருகிறவர்களுக்கு மட்டும் இது.