வி.பி.என்.னா, ரிமோட் டெஸ்க்டாப்பா?

கடலூர் சிப்காட்டில் ஆபீஸ் சர்வர், புதுச்சேரி முத்தியால்பேட்டையில் வீடு. வீட்டிலிருந்து வேலை செய்ய இரண்டு வழி: வீட்டு லேப்டாப்பை ஆபீஸ் நெட்வொர்க்கோடு பாதுகாப்பாக இணைக்கும் வி.பி.என்., அல்லது ஆபீஸ் கணினியின் திரையை வீட்டிலிருந்தே இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப் (சுருக்கமாக ரிமோட்). மாதக் கடைசியில் கணக்கு மென்பொருள் "சர்வருடன் இணைக்க முடியவில்லை" என்று நின்றால் எந்த வழி நல்லது என்று நண்பர்கள் கேட்கிறார்கள்.

நெட் அறுந்தால்
வி.பி.என்.: மென்பொருள் நம் லேப்டாப்பில் ஓடுகிறது. பாதி போட்ட பில் அந்தரத்தில் நிற்கும். டேட்டா ஷேர் ஃபோல்டரில் இருந்தால் கோப்பே கெட்டுப்போகலாம்.
ரிமோட்: வேலை சர்வரில் நடக்கிறது, திரை மட்டும்தான் நம்மிடம். திரும்ப நுழைந்தால் பில் விட்ட இடத்திலேயே இருக்கும். போன மழையில் வீட்டில் கரன்ட் போனபோது இதுதான் காப்பாற்றியது.

செலவு
வி.பி.என்.: பல ரௌட்டர்களிலேயே உண்டு.
ரிமோட்: ஆபீஸ் கணினியில் விண்டோஸ் புரோ வேண்டும், அதிலும் ஒரு நேரத்தில் ஒருவர்தான்.

பிழை தேடுவது
வி.பி.என்.: வீட்டு ரௌட்டரும் ஆபீஸ் ரௌட்டரும் ஒரே 192.168.1 முகவரி வரிசையில் இருந்தால் 'கனெக்டட்' என்று காட்டும், சர்வர் மட்டும் கிடைக்காது. இதைக் கண்டுபிடிப்பதற்குள் எனக்குத் தலை சுற்றிவிட்டது.
ரிமோட்: ரிமோட் டெஸ்க்டாப் நுழையும் வாசலான 3389 போர்ட் பதில் சொல்கிறதா பாருங்கள். ஆனால் அதை நேராக இன்டர்நெட்டுக்குத் திறந்து வைக்காதீர்கள்; கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் ஆட்கள் தேடி அலைகிற கதவு அது.

ரிப்போர்ட் பார்க்க மட்டும் என்றால் வி.பி.என். போதும். தினமும் பில் போடுகிறவருக்கு, வி.பி.என்.னுக்குள் ரிமோட் டெஸ்க்டாப்.