பிரசவ விடுப்புப் பணம்: சம்பளத்துக்குத் தகுந்தபடியா, எல்லாருக்கும் ஒரே தொகையா?

2013 ஆஸ்திரேலியத் தேர்தலில் இந்தக் கேள்வி நேரடியாகவே மேடை ஏறியது. தொழிற்கட்சி அரசு 2011 ஜனவரியில் தொடங்கிய திட்டம் அப்போது ஓடிக்கொண்டிருந்தது. குழந்தை பிறந்தால் 18 வாரத்துக்குத் தேசியக் குறைந்தபட்ச ஊதியம், அவ்வளவுதான். சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிற பெண்ணானாலும் வக்கீலானாலும், வருட வருமானம் 1,50,000 டாலரைத் தாண்டாதவரை, ஒரே தொகை. எதிர்க்கட்சித் தலைவர் டோனி அபாட் வேறு ஒன்றைச் சொன்னார்: 26 வாரம், அவரவர் வாங்கும் சம்பளம் முழுசாக. 1,50,000 டாலர் சம்பளம் வரை கணக்கில் வரும் என்பதால் ஒருவருக்கு அதிகபட்சம் 75,000 டாலர். வேடிக்கை என்னவென்றால், இதே அபாட் 2002இல் அமைச்சராக இருந்தபோது கட்டாயச் சம்பள விடுப்பு என்ற யோசனையையே கடுமையாக எதிர்த்தவர்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அந்த வருடம் குறைந்தபட்ச ஊதியம் வாரத்துக்கு 622 டாலர் சொச்சம். தொழிற்கட்சித் திட்டத்தில் பில் போடும் பெண்ணுக்கும் 1,00,000 டாலர் வாங்கும் பெண்ணுக்கும் தலைக்கு 11,200 டாலர் கிடைக்கும். அபாட் திட்டத்தில் முதல் பெண்ணுக்குச் சுமார் 16,200, இரண்டாமவருக்கு 50,000. "பணக்காரப் பெண்களுக்கான திட்டம்" என்று எல்லாரும் கிழித்தார்கள், ஆனால் அந்த ஏழைப் பெண்ணுக்கும் 5,000 டாலர் கூடுதலாகத்தான் வருகிறது என்பதைப் பெரும்பாலானோர் கவனிக்கவே இல்லை. ஒருவருக்கு நல்லது நடக்கிறது, இன்னொருவருக்கு அதைவிடப் பல மடங்கு நல்லது நடக்கிறது. இது அநியாயமா இல்லையா என்பதில்தான் சண்டையே.

அபாட் பக்கத்து வாதம் லேசுப்பட்டதல்ல. வருடாந்திர லீவு போட்டால் முழுச் சம்பளம், காய்ச்சல் என்று படுத்தாலும் முழுச் சம்பளம், பிள்ளை பெற்றால் மட்டும் ஏன் குறைந்தபட்ச ஊதியம்? வீட்டுக்கடன் தவணை குழந்தை பிறந்த மாதத்தில் குறைந்துவிடுமா என்ன? வாங்குகிற சம்பளத்தை நம்பித்தான் ஒரு குடும்பம் வாடகை, கடன், பள்ளிக்கட்டணம் எல்லாம் அமைத்துக்கொள்கிறது. ஆறு மாதத்துக்கு அதில் முக்கால் பங்கு காணாமல் போனால், நல்ல சம்பளக்காரியும் மூன்றாவது மாதமே வேலைக்குத் திரும்பிவிடுவாள், அல்லது குழந்தையே வேண்டாம் என்று தள்ளிப்போடுவாள்.

எதிர்ப்பக்கத்துக்கு வலு சேர்த்தது ஆஸ்திரேலிய உற்பத்தித்திறன் ஆணையம் 2009இல் கொடுத்த அறிக்கை. 18 வாரம், குறைந்தபட்ச ஊதியம் என்ற அளவுகோலே அங்கிருந்து வந்ததுதான். அதிகச் சம்பளம் வாங்கும் பெண்களுக்குப் பெரும்பாலும் கம்பெனியே ஏதோ ஒரு விடுப்புப் பணம் கொடுத்துவிடுகிறது. கையில் ஒன்றுமில்லாமல் சீக்கிரம் வேலைக்கு ஓட வேண்டியவர்கள் கீழ்த்தட்டில் இருப்பவர்கள். அதனால் அரசு போடும் ஒரு டாலர் அங்கே போனால்தான் கூடுதல் வாரங்களாக மாறும் என்பது வாதம். எனக்கு இது கறாரான, நேர்மையான வாதமாகவே படுகிறது.

கடைசியில் அபாட் ஜெயித்தார், திட்டம் தோற்றது. 2014இல் சம்பள வரம்பை 1,00,000 டாலராகக் குறைத்தார், சொந்தக் கட்சிக்காரர்களே முகம் சுளித்தார்கள், 2015 பிப்ரவரியில் கைவிட்டார். தொழிற்கட்சியின் ஒரே தொகைதான் நின்றது. 2025 ஜூலையில் அது 24 வாரம், 2026 ஜூலையிலிருந்து 26 வாரம். அதாவது அபாட்டின் வாரக்கணக்கு வந்துவிட்டது, சம்பளக்கணக்கு வரவில்லை.

சரி, எது சரி? "சம்பளத்தைப் பொறுத்ததா" என்று மட்டும் கேட்டால் பதில் கிடைக்காது என்பது என் வாதம். கூடவே "பணம் யார் பையிலிருந்து வருகிறது" என்று கேட்க வேண்டும். கல்யாண வீட்டில் ஒருவர் 5,000 மொய் எழுதினால் அவர் வீட்டு விசேஷத்துக்கு 5,000 திரும்பி வரும், 200 எழுதியவருக்கு 200 வரும். இதை யாரும் ஏற்றத்தாழ்வு என்று திட்டுவதில்லை. கோயில் அன்னதானத்தில் மட்டும் நன்கொடை கொடுத்தவருக்கு இரண்டு லட்டு என்றால் சும்மா விடுவோமா? அபாட் திட்டத்தின் சிக்கல் இதுதான். பெரிய கம்பெனிகள் சுமார் 3,000 மீது 1.5 சதவீதத் தீர்வை போட்டு, மீதியை பட்ஜெட்டிலிருந்து எடுத்து, அதைச் சம்பளவாரியாகப் பிரிப்பது. வாங்குபவர் யாரும் தன் சம்பளத்துக்கேற்ப எதையும் கட்டியிருக்கவில்லை.

ஸ்வீடன் மொய் வகை. 1974இலேயே அப்பாவுக்கும் சேர்த்து விடுப்பு கொடுத்த நாடு. ஒரு குழந்தைக்கு 480 நாள், அதில் 390 நாளுக்குச் சம்பளத்தில் கிட்டத்தட்ட 80 சதவீதம், மேலே ஒரு உச்சவரம்பு. பணம் வருவது ஒவ்வொருவர் சம்பளத்தோடு சேர்த்து முதலாளி கட்டும் சமூகக் காப்பீட்டுப் பங்களிப்பிலிருந்து. கட்டியதற்கேற்ப வருகிறது, அதனால் யாரும் பொறாமைப்படுவதில்லை. ஆனால் பிரசவத்துக்கு முன் தொடர்ந்து 240 நாள் வேலையில் இல்லாதவருக்கு ஆரம்பத்தில் நாளைக்கு 250 குரோனர்தான். மாணவிகள், புதிதாகக் குடியேறியவர்கள் எல்லாம் இந்தக் குழியில்தான் விழுகிறார்கள். முதலில் வேலை, அப்புறம்தான் குழந்தை என்று அரசு சொல்லாமல் சொல்வது போல.

ஜெர்மனியின் கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அந்த நாடு இரண்டையும் செய்து பார்த்திருக்கிறது. 2006 வரை அங்கே மாதம் 300 யூரோ, ஒரே தொகை, அதுவும் வருமான வரம்புக்கு உட்பட்டு. 2007 ஜனவரியில், உர்சுலா ஃபான் டெர் லேயன் குடும்ப நல அமைச்சராக இருந்தபோது, நிகரச் சம்பளத்தில் 67 சதவீதம் என்று மாற்றினார்கள். குறைந்தது 300, அதிகபட்சம் 1,800 யூரோ. 12 மாதம் கிடைக்கும், இரண்டு பேரும் எடுத்தால் 14. அதற்கு முன் விடுப்பு எடுத்த அப்பாக்கள் நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை. சில வருடங்களிலேயே அது 20 சதவீதத்தைத் தாண்டியது.

ஒரே தொகை என்றால் வீட்டில் யார் விடுப்பு எடுப்பது என்ற கேள்விக்குப் பதில் கணக்கிலேயே எழுதப்பட்டிருக்கிறது: சம்பளம் குறைந்தவர். பெரும்பாலான வீடுகளில் அது மனைவி. கணவன் மாதம் 3,000 யூரோவை விட்டு 300 யூரோவுக்கு வீட்டில் உட்கார மாட்டான், அவனுக்கு எவ்வளவு ஆசை இருந்தாலும். அவன் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு வருகிறது என்றால் பேச்சு மாறுகிறது. ஏழைகளுக்கு நியாயமாகத் தெரிகிற ஒரே தொகை, ஆண்-பெண் கணக்கில் பழைய ஏற்பாட்டையே பூட்டி வைக்கிறது. எல்லாப் பெருமையையும் சதவீதத்துக்கே கொடுத்துவிட முடியாது என்பதும் உண்மை, "இந்த இரண்டு மாதம் மற்றவர் எடுக்காவிட்டால் போச்சு" என்ற விதியும் சேர்ந்தே வேலை செய்தது, இன்றும் பல அப்பாக்கள் சரியாக அந்த இரண்டு மாதத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

ஆனால் ஜெர்மனி இந்தப் பணத்தைக் காப்பீட்டிலிருந்து எடுக்கவில்லை, வரிப்பணத்திலிருந்து கொடுக்கிறது. அதன் விளைவு இரண்டு பக்கமும் தெரிந்தது. 2011இல் செலவைக் குறைக்க வேண்டி வந்தபோது, அரசு உதவியில் வாழும் நீண்டகால வேலையற்றோருக்கு இந்த 300 யூரோவை வருமானமாகக் கணக்கிட்டு உதவித்தொகையில் கழித்துக்கொண்டார்கள். அதாவது 1,800 வாங்கியவர்களில் பெரும்பாலோரை விட்டுவிட்டு, 300 வாங்கியவர் கையிலிருந்து பிடுங்கினார்கள். இதைவிடக் கேவலமான சிக்கனம் இருக்க முடியாது. அடுத்து 2023இல் மேல்தட்டு மேல் கை வைத்தார்கள்: இப்போது வரிக்குரிய வருமானம் 1,75,000 யூரோவைத் தாண்டினால் ஒன்றுமே கிடையாது. 300, 1,800 என்ற எண்கள் மட்டும் 2007லிருந்து அப்படியே கிடக்கின்றன, விலைவாசி எங்கேயோ போய்விட்டது.

மூன்றாவது வழியும் ஒன்று இருக்கிறது, சம்பளத்தைப் பொறுத்ததுதான், ஆனால் தலைகீழாக. கலிஃபோர்னியா 2004இல் குடும்ப விடுப்புப் பணத்தைத் தொடங்கியபோது எல்லாருக்கும் சம்பளத்தில் 55 சதவீதம். பாதிச் சம்பளத்தில் வாடகை கட்ட முடியாதவர் விடுப்பே எடுக்க மாட்டார், ஆனால் மாதாமாதம் சந்தா மட்டும் அவர் சம்பளத்திலிருந்து போய்க்கொண்டிருக்கும்; கீழே இருப்பவர் கட்ட, மேலே இருப்பவர் அனுபவிக்க. 2025 முதல் குறைந்த சம்பளக்காரருக்கு 90 சதவீதம், மற்றவர்களுக்கு 70. சந்தாவுக்கு இருந்த உச்சவரம்பையும் 2024இல் எடுத்துவிட்டார்கள். எட்டே வாரம்தான் என்பது பெரிய குறை, ஆனால் வடிவம் என்று பார்த்தால் நான் பார்த்ததில் இதுதான் ஒழுங்கானது. பிரிட்டன் இரண்டையும் கலந்து வைத்திருக்கிறது: அம்மாவுக்கு முதல் ஆறு வாரம் 90 சதவீதம், வரம்பே இல்லாமல், அப்புறம் 33 வாரம் ஒரே தொகை. அப்பாவுக்கு இரண்டு வாரம், அதுவும் அந்தச் சின்னத் தொகைதான்.

நம் ஊரில் என்ன? எல்லா வகையும் ஒரே தெருவில் இருக்கிறது. ஐ.டி. கம்பெனியில் மாதம் 2 லட்சம் வாங்குபவருக்கு 26 வாரம் முழுச் சம்பளம், வரம்பு கிடையாது, சுமார் 12 லட்சம், மொத்தமும் கம்பெனி தலையில். மாதம் 60,000 வாங்கும் அரசுப் பள்ளி ஆசிரியைக்கு 2021 ஜூலையிலிருந்து 12 மாதம் முழுச் சம்பளம், 7 லட்சத்துக்கு மேல். அந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம் கட்டிய சித்தாளுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 18,000 ரூபாய், அதில் 4,000 ரூபாய் ஊட்டச்சத்துப் பெட்டகமாக. ஆசிரியைக்குக் கொடுப்பது தப்பு என்று நான் சொல்லவில்லை, அரசு அங்கே முதலாளியாக நின்று கொடுக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இவ்வளவு பெரிய பள்ளம் ஏன் என்பதுதான் கேள்வி. ஐ.டி. உதாரணத்தில் இன்னொரு விஷமும் இருக்கிறது: முழுச் செலவும் ஒரே முதலாளி மேல் விழுவதால், "சமீபத்தில் கல்யாணம் ஆனவரா?" என்ற கேள்வி இன்டர்வியூவில் வாய்விட்டுக் கேட்கப்படாவிட்டாலும் மனசுக்குள் ஓடிவிடும். சம்பளவாரி விடுப்பு நல்லதுதான், ஆனால் அதைத் தனி முதலாளி சுமக்கும் வரை அது பெண்ணுக்கே எதிராகத் திரும்பும்.

இதற்கு நல்ல மாதிரி வெளிநாட்டில் தேட வேண்டியதில்லை, தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ. இருக்கிறது. திருப்பூர் பனியன் கம்பெனியில் தைக்கும் பெண் தன் சம்பளத்தில் 0.75 சதவீதமும் முதலாளி 3.25 சதவீதமும் கட்டுகிறார்கள், பிரசவமானால் 26 வாரம் சராசரி தினக்கூலி முழுசாக இ.எஸ்.ஐ.யிலிருந்தே வருகிறது. ஆண்களுக்காகவும் கட்டுவதால், பெண்ணை வேலைக்கு எடுத்ததற்காக எந்தக் கம்பெனிக்கும் தனிச் செலவு இல்லை. ஆனால் மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மேல் போனவரை இதில் புதிதாகச் சேர்க்க மாட்டார்கள். 2017இல் வைத்த வரம்பு அது. பிரசவத்துக்கு மட்டுமாவது அந்த வரம்பை எடுத்துவிட்டு, எல்லாச் சம்பளத்திலும் சந்தா பிடித்து, கொடுப்பதற்கு மட்டும் மாதம் 75,000 மாதிரி ஒரு உச்சவரம்பு வைத்தால் ஐ.டி. கம்பெனியின் சாக்கும் போய்விடும், அப்பாவுக்கு நான்கு வாரம் கொடுக்கவும் அதே நிதியில் இடம் இருக்கும். சந்தா கட்ட வழியே இல்லாத சித்தாளுக்கு மட்டும் ஒரே தொகைதான் சரி, அதை வரிப்பணத்திலிருந்தே கொடுக்க வேண்டும். ஆனால் அந்தத் தொகை அவளது ஆறு மாதக் கூலிக்கு அருகிலாவது வர வேண்டும், 18,000 அவளது ஒன்றிரண்டு மாதக் கூலிக்கு மேல் வராது.