கோடு போட்ட நாலடி இடம்

நாங்கள் இருப்பது இங்கிலாந்தில். இந்த முறை ஊரில் மூன்று வாரம் இருந்துவிட்டு வந்தோம். நானும் மகளும் மட்டும். அவளுக்குப் பதிமூன்று வயது. பிறவியிலேயே பெருமூளை வாதம். கால்கள் பேச்சைக் கேட்காது, கைகளில் நல்ல பலம் உண்டு. சக்கர நாற்காலியைத் தானே தள்ளிக்கொள்வாள். காரிலிருந்து நாற்காலிக்கும் தானே மாறிக்கொள்வாள். அதைக் கற்றுக்கொள்ள அவளுக்கு ஐந்து வருடம் ஆயிற்று. காரின் கதவு முழுதாகத் திறந்தால் போதும், யாருடைய உதவியும் அவளுக்கு வேண்டாம்.

சக்கர நாற்காலியோடு ஊருக்குப் போகலாமா என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். போகலாம், தாராளமாகப் போகலாம். ஆனால் கார் நிறுத்தும் இடத்தில் என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டு போவது நல்லது.

விமான நிலையத்திலேயே ஆரம்பித்துவிட்டது. வீல்சேர் உதவி கேட்டவர்கள் எங்கள் விமானத்தில் ஏகப்பட்ட பேர். எல்லோரும் இறங்கி, வந்திருந்த நாற்காலிகளில் உட்கார்ந்து போய்விட்டார்கள். மகள் மட்டும் விமான இருக்கையிலேயே நாற்பது நிமிடம் காத்திருந்தாள். பெட்டி வரும் இடத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவர்களில் பாதிப்பேர் எழுந்து நின்று பெட்டிகளைத் தாங்களே தூக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. தனியாக வரும் வயதானவர்கள், ஆங்கிலம் பழக்கமில்லை, கையைப் பிடித்து வழிகாட்ட ஆள் வேண்டும் என்று பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து அப்படிப் பதிவு செய்கிறார்கள். வழிகாட்டிக்கென்று தனி வசதி வைத்தால் அவர்களுக்கு நாற்காலி எதற்கு?

சென்னையில் அக்கா வீட்டில் இரண்டு நாள். மெரினாவில் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே மாற்றுத்திறனாளிகளுக்காக மரப்பாதை போட்டிருக்கிறார்கள் அல்லவா, அதில் போனோம். 2022 நவம்பரில் ரூ.1.14 கோடி செலவில் திறந்தார்கள், 263 மீட்டர் நீளம். திறந்த இரண்டு வாரத்தில் மாண்டஸ் புயல் அதைப் பிய்த்துப்போட்டது, பிறகு சரிசெய்தார்கள். மகள் மணலில் சிக்காமல் தன் கையால் தள்ளிக்கொண்டே போய்க் கடலைப் பார்த்தாள். திரும்பி வர அவளுக்கு மனமே இல்லை.

அப்புறம் கோவை. என் அண்ணன் அங்கே சிவில் இன்ஜினியர். மிச்ச நாளெல்லாம் அவன்தான் எங்களுக்கு டிரைவர்.

முதல் ஞாயிறு ஒரு வணிக வளாகத்துக்குப் போனோம். தரைக்கு அடியில் பார்க்கிங். லிஃப்டுக்குப் பக்கத்தில் நீல பெயின்ட் அடித்து, சக்கர நாற்காலிப் படம் போட்ட இரண்டு இடங்கள். பளிச்சென்று இருந்தன. ஒன்றில் ஒரு பெரிய வெள்ளைக் கார். இன்னொன்றில் ஒரு தண்ணீர் கேன், துடைப்பம், காவலாளியின் பிளாஸ்டிக் நாற்காலி. இரண்டுக்கும் நடுவே சாய்வுக் கோடு போட்ட பட்டையில் ஐந்து பைக்குகள் நெருக்கி நின்றன.

காவலாளிக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். ஓடிவந்து, "உள்ளார போனா எடம் இருக்குதுங்க, அங்க போட்டுக்கங்க" என்றார். போனோம். இரண்டு தூண்களுக்கு நடுவே ஓர் இடம். கதவு ஒரு சாண்தான் திறந்தது. சரி என்று காரை மறுபடி வெளியே எடுத்து, வண்டிகள் வந்து போகும் பாதையின் நடுவில் நிறுத்தி, நாற்காலியை விரித்து வைத்தோம். பின்னால் நான்கு கார்கள், ஹாரன் மேல் ஹாரன். மகள் கதவின் விளிம்பைப் பிடித்தாள், நாற்காலியின் பிரேக்கைத் தொட்டுப் பார்த்தாள், உடம்பை நகர்த்தப் போனாள். அதற்குள் நான்கு இளைஞர்கள் எங்கிருந்தோ வந்துவிட்டார்கள். "அக்கா, நீங்க நகருங்க, நாங்க தூக்கி உட்கார வெச்சர்றோம்." ஒருவர் அவள் கக்கத்துக்கு அடியில் கையை விட்டேவிட்டார்.

"வேண்டாம் அண்ணா, தூக்காதீங்க. எனக்கே வரும்" என்றாள். குரல் நடுங்கியது. ஹாரன் சத்தத்தில் அது அவர் காதில் விழவில்லை.

அவர்கள் நல்ல பிள்ளைகள். அதை எழுதாமல் விட்டால் பாவம். இங்கிலாந்தில் அப்படி நான்கு பேர் ஓடிவர மாட்டார்கள். ஆனால் பதிமூன்று வயதுப் பெண்ணை முன்பின் தெரியாத ஆண்கள் கூட்டத்தின் நடுவில் தூக்கி வைப்பதென்றால் அவளுக்கு எப்படி இருக்கும்? அன்று முழுக்க அவள் பேசவே இல்லை. வாங்கித் தந்த ஐஸ்கிரீம் உருகிப்போனது.

நாங்கள் கிளம்பும் நேரத்தில் அந்த வெள்ளைக் காரின் சொந்தக்காரர் வந்தார். மனைவி, தூங்குகிற குழந்தை. எங்களைப் பார்த்ததும் பதறிவிட்டார். "அடடா, நீங்க வந்திருக்கீங்கன்னு தெரிஞ்சிருந்தா எடுத்திருப்பனுங்க. போன் நம்பர் வண்டில எழுதியிருக்குது பாருங்க." உண்மையாகவே எழுதியிருந்தது. நாற்காலியை மடித்து டிக்கியில் வைக்கவும் கை கொடுத்தார்.

இவரைக் கெட்டவர் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஊரில் நான் பார்த்த பலரும் இவரைப் போலத்தான். நாங்கள் வந்து கேட்டால் எடுத்துவிடுவார்கள். ஆனால் ஒவ்வொரு இடத்திலும் யாரையாவது தேடி, போன் போட்டு, சினிமாவுக்கு உள்ளே போனவரை வெளியே வரவழைத்து, நன்றி சொல்லி அப்புறம்தான் இறங்க முடியும் என்றால் அவள் எத்தனை இடத்துக்குப் போவாள்?

வீட்டுக்கு வரும் வழியில் அண்ணன் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு சொன்னான்: "நானே அங்க நிறுத்தியிருக்கேன் பாப்பா. மழை நாள்ல. காலியாத்தானே கெடக்குதுன்னு." அவனுக்கு அந்த அளவெல்லாம் அத்துப்படி, அவனே பல கட்டிடங்களுக்கு வரைந்து கொடுத்திருக்கிறான். 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டிட விதித்தொகுப்பில், நுழைவாயிலிலிருந்து 30 மீட்டருக்குள், 3.6 மீட்டர் அகலத்தில் இடம் விட வேண்டும் என்று இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால் இங்கிலாந்திலும் கூட்டினால் அதே 3.6 மீட்டர்தான்: வண்டிக்கு 2.4, பக்கத்தில் கோடு போட்ட பட்டைக்கு 1.2. அந்த 1.2 மீட்டர், நம் கணக்கில் நாலடி, கதவு திறக்கவும் நாற்காலி நிற்கவும் விடுவது. "வாசலுக்குப் பக்கத்துல இருக்கணும், அதுக்குத்தான்னு நெனச்சிருந்தேன். அகலம் எதுக்குன்னு இன்னைக்குத்தான் கண்ணால பார்த்தேன்" என்றான். இருபது வருடமாக அந்தக் கோட்டை வரைகிறவன் சொன்னது இது.

வாசலுக்குப் பக்கம் என்பதை மட்டும் பார்ப்பதால்தான் அதை ஒரு சலுகையாக நினைக்கிறார்கள். "ரெண்டு நிமிசந்தானே", "கொஞ்சம் தள்ளி இறங்கிக்கலாமே" என்ற பேச்செல்லாம் அதிலிருந்து வருவதுதான். தள்ளி நிறுத்துவது எங்களுக்குச் சிரமமே இல்லை. அரைக் கிலோமீட்டர் தள்ளி விட்டாலும் மகள் உருட்டிக்கொண்டு வந்துவிடுவாள். இறங்க முடிந்தால்தானே!

இரண்டாவது வாரம் மகளின் காலில் போடும் பிளாஸ்டிக் ஸ்பிளின்டின் பட்டை அறுந்துபோனது. ஒரு மருத்துவமனைக்குப் போனோம். தரையில் நீல பெயின்ட், நாற்காலிப் படம் எல்லாம் இருந்தது. அதற்கு மேலே சுவரில் ஒரு பலகை: "மருத்துவர் வாகனங்களுக்கு மட்டும்". அங்கே எனக்கு வந்த கோபம் வேறு எங்கும் வரவில்லை. வரிசையில் முக்கால்வாசிப் பேர் தாங்கிப் பிடித்து நடப்பவர்கள், அவர்கள் எல்லோரும் சாலையிலேயே இறங்குகிறார்கள்.

வாசலுக்கு எதிரே டீக்கடை ஓரத்தில் ஒரு பெரியவர், பக்கத்தில் இரண்டு சிறு சக்கரங்கள் வைத்த ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடியே டீ குடித்துக்கொண்டிருந்தார். அரசு இலவசமாகக் கொடுக்கும் இணைப்புச் சக்கர ஸ்கூட்டர். ஒரு கால் போலியோவில் சூம்பியது. ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாராம். மகளின் நாற்காலியைப் பார்த்துவிட்டு அவராகவே பேச்சுக் கொடுத்தார்.

"ஏனுங்க, நீங்க ஏன் உள்ளே நிறுத்தலை?" என்று கேட்டேன்.

"டூவீலர் ஸ்டேண்டுல விட்டனுங்க ஒருதரம். பக்கத்துல பைக்கை ஒட்டிப் போட்டுட்டாங்க. இந்தச் சக்கரம் அதுல மாட்டிக்கிச்சு. என்னால எறங்கி வண்டியத் தள்ள முடியாதுங்க, உக்காந்து ஸ்டார்ட் பண்ணித்தான் எடுக்கணும். ரெண்டு மணி நேரம் நின்னேன். ஊன்றுகோல் வெக்கறதுக்காவது ஒரு கை அகலம் எடம் வேணுமுங்களே."

கார் பார்க்கிங்கில் விட்டால்?

"கார்காரங்க எடம்னு தொரத்தறாங்க" என்றார். சொல்லிவிட்டு மகளிடம் திரும்பி, "நாற்காலி நல்லா இருக்குது கண்ணு, எத்தன கிலோ?" என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். இருவரும் பேரிங், டயர், பஞ்சர் என்று கால் மணி நேரம் பேசினார்கள். ஊரில் அவள் மனம்விட்டுப் பேசிய முதல் வெளியாள் அவர்தான்.

எனக்கு அதுவரை தோன்றாத விஷயம் அது. ஊரில் மாற்றுத்திறனாளிகளில் எத்தனை பேரிடம் கார் இருக்கிறது? தெருவில் நம் கண்ணில் படுவது இந்த ஸ்கூட்டர்தான். நாங்கள் போன இடங்களில் நீல பெயின்ட் இருந்தது எல்லாம் கார் பக்கம்தான். டூவீலர் ஸ்டேண்டில் ஒரு இடத்தில்கூட நான் பார்க்கவில்லை.

இங்கிலாந்தை மெச்சிக்கொள்வதற்காக இதை எழுதவில்லை. இங்கே ப்ளூ பேட்ஜ் உண்டு, மாற்றுத்திறனாளிகளுக்கான இடத்தில் வண்டி நிறுத்த அனுமதிக்கும் அட்டை. உள்ளூர் கவுன்சில் கொடுக்கும், ஆளின் பேரில், படத்தோடு. காருக்குக் கிடையாது, அந்த ஆள் எந்தக் காரில் போனாலும் செல்லும். தவறாகப் பயன்படுத்தினால் 1,000 பவுண்டு வரை அபராதம். அப்படியும் திருட்டுத்தனம் நடக்கிறது. எங்களுக்குத் தெரிந்த ஒரு தமிழ்க் குடும்பத்தில், அம்மா ஊருக்குத் திரும்பிப் போய்விட்டார், அட்டை மட்டும் மகனின் கண்ணாடிக்குப் பின்னால் ஆறு மாதமாக இருந்தது. நான் சொன்னதற்கு, "உங்களுக்கு ஏன் அக்கா, கவுன்சில் கேட்டால் நான் பார்த்துக்கிறேன்" என்றார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு அவர் வருவதில்லை.

ஆனாலும் அந்த அட்டையால் ஒரு பெரிய நன்மை உண்டு. யாரும் யாரையும் மேலும் கீழும் பார்க்க வேண்டியதில்லை. 2019 ஆகஸ்டிலிருந்து இங்கிலாந்தில் வெளியே தெரியாத குறைபாடு உள்ளவர்களுக்கும் அது கிடைக்கிறது. பார்த்தால் நன்றாக இருப்பார், ஆனால் கூட்டத்திலும் சத்தத்திலும் நிலைகுலைந்துவிடுவார். ஊரில் மகளுக்கு நாற்காலி இருப்பதால் நம்பினார்கள். மூச்சுத் திணறல் உள்ள என் அத்தையை யார் நம்புவார்கள்? இந்தியாவில் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை உண்டு, ஆனால் அது பர்ஸுக்குள் இருப்பது. கார் கண்ணாடியில் வைக்க, காவலாளி பார்த்து நம்ப, நாங்கள் போன எந்த இடத்திலும் எதுவும் இல்லை. அதனால் காவலாளி காரின் அளவைப் பார்க்கிறார். நாங்கள் இரண்டாம் முறை போனபோது அந்த வணிக வளாகத்துக் காவலாளி என்னிடம் சொன்னார்: "வேண்டாம்னா அடிக்க வர்றாங்கக்கா. போன மாசம் ஒருத்தரு முதலாளிகிட்ட சொல்லி என்னை வேலைய விட்டே எடுக்கப் பார்த்தாரு." பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் மனிதரிடம் சட்டத்தைக் காப்பாற்றச் சொல்வது நியாயமே இல்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் இருக்கிறது. மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை, அடுத்தடுத்து 50,000 முதல் 5 லட்சம் வரை அபராதம். 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் வசதி விதிகளை வெறும் பரிந்துரை போல வைத்திருந்தது செல்லாது, கட்டாய விதிகளாக மூன்று மாதத்தில் மாற்றுங்கள் என்று மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. பார்வையற்ற ஒருவர் 2005-இல் போட்ட வழக்கு அது. அண்ணனிடம் இதைச் சொன்னபோது, "பணி நிறைவுச் சான்று வாங்குறப்ப பெயின்ட் இருக்கான்னு பார்ப்பாங்க. அதுக்கப்புறம் யாரு வந்து பார்க்கறாங்க?" என்று கேட்டான்.

நல்லதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒரு துணிக்கடையில், நீல இடத்தில் ஆரஞ்சு நிறக் கூம்பு ஒன்றை வைத்திருந்தார்கள். காவலுக்கு ஒரு பெண். எங்கள் காரின் பின்கண்ணாடி வழியாக நாற்காலியைப் பார்த்ததும் கூம்பை எடுத்தார், கதவு திறக்கும் பக்கத்தில் வேறு யாரும் வராதபடி நின்றுகொண்டார். மகளைத் தொடவில்லை, தூக்கவா என்று கேட்கவில்லை. அவள் இறங்கி முடிக்கும்வரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "வாங்க கண்ணு" என்றார். ஒரு கூம்பும் அந்தப் பெண்ணும் இருந்ததால் அன்று மூன்று மணி நேரம் கடையில் சுற்றினோம். அம்மிச்சிக்கு, அதாவது என் அம்மாவுக்கு, மகளே புடவை எடுத்தாள்.

திரும்பி வந்து பத்து நாள் ஆகிறது. நேற்று அண்ணன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தான். அந்த மருத்துவமனைக்கு எதிரே, டீக்கடை ஓரம். ஜெராக்ஸ் கடைப் பெரியவர் ஸ்கூட்டரில் உட்கார்ந்திருக்கிறார், ஒரு முனையை அவரே பிடித்திருக்க, அண்ணன் டேப்பை இழுத்துச் சக்கரத்திலிருந்து சக்கரத்துக்கு அளக்கிறான். இப்போது கட்டிக்கொண்டிருக்கும் கல்யாண மண்டபத்தின் டூவீலர் ஸ்டேண்டில் நான்கு இடம் விடப் போகிறானாம். கீழே ஒரு கேள்வி, மகளுக்கு: "ஊன்றுகோலோட இறங்க, பக்கத்துல எவ்வளவு விடட்டும் கண்ணு?"

அவள் பதில் தட்டிக்கொண்டிருக்கிறாள்.