நிறுவனத்தின் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம்: நான்கு ஆண்டு அனுபவம்

திருப்பூரில் நான் கணக்குப் பிரிவில் பணியாற்றும் பின்னலாடை நிறுவனம், ஊழியர்களுக்கான ஆண்டுப் பரிசோதனையில் புற்றுநோயையும் சேர்த்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. முதல் இரண்டு ஆண்டுகள் சோதனைக்குப் போய்வந்தவளாகவும், மூன்றாம் ஆண்டிலிருந்து நோயாளியாகவும் இத்திட்டத்தைப் பயன்படுத்தி வருகிறேன்.

தொடக்கம் சரியில்லை. ஒரு பரிசோதனை மையம் விற்ற தொகுப்பை அப்படியே வாங்கிவிட்டார்கள்; அதில் சினைப்பைப் புற்றுநோய்க்கான சி.ஏ. 125 என்ற இரத்தச் சோதனையும் இருந்தது. மாதவிடாய், கருப்பை நார்க்கட்டி போன்றவற்றாலும் அந்த அளவு உயரும் என்பதால், அறிகுறி இல்லாத பெண்களுக்கு அதைப் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. எங்கள் பிரிவில் ஒருவர் மூன்று வாரம் உறக்கமின்றி அலைந்த பிறகு, சாதாரண நார்க்கட்டிதான் என்று தெரிந்தது. அதைவிட மோசம், முடிவுகள் வந்துசேர்ந்த விதம். பெயர் எழுதி, வாய் ஒட்டாத பழுப்பு உறைகள் சூப்பர்வைசர் மேசையில், நூல்கண்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் இரண்டு நாள் கிடந்தன. மறு ஆண்டு பெண்களில் பாதிப் பேர் வரவில்லை. விழிப்புணர்வுக் குறைவே காரணம் என்றது நிர்வாகம். அந்த மேசையைப் பார்த்த எவரும் அப்படிச் சொல்லமாட்டார்.

மூன்றாம் ஆண்டில் மாற்றினார்கள். 30 வயதைக் கடந்த பெண்களுக்குக் கருப்பைவாய், மார்பகப் பரிசோதனைகள், 40 வயதைக் கடந்தவர்களுக்கு மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே, அனைவருக்கும் வாய்ப் பரிசோதனை என்று திட்டம் சுருங்கியது. முடிவுகள் அவரவர் கைபேசிக்கே வந்தன. நிறுவனத்துக்கு எண்ணிக்கை மட்டுமே போனது. என் இடது மார்பில் இருந்த கட்டி அந்த மேமோகிராமில்தான் தெரிந்தது.

அதன் பிறகு ஸ்கேன், பயாப்ஸி (திசுச் சோதனை), முடிவு என்று மூன்று முறை கோயம்புத்தூர் போக வேண்டியிருந்தது. மாதச் சம்பளக்காரியான எனக்கு அது பெரிதல்ல. தைத்த உருப்படிக்கு இவ்வளவு என்று பீஸ் ரேட்டில் கூலி வாங்கும் பெண்ணுக்கு அது மூன்று நாள் கூலி. இதற்காகவே மறுபரிசோதனைக்கு வராமல் நின்றுவிடுபவர்கள் உண்டு. அந்த நாள்களுக்கும் சராசரிக் கூலி தர நிறுவனம் இசைந்ததைத்தான் இத்திட்டத்தின் சிறந்த அம்சமாகக் கருதுகிறேன். கதிர்வீச்சு சிகிச்சை எனக்கு 15 அமர்வுகள். இயந்திரத்தின் கீழ் படுத்திருப்பது பத்து நிமிடம், போக்குவரத்தும் காத்திருப்பும் அரை நாள். அந்த மூன்று வாரமும் பிற்பகலில் மட்டும் வேலைக்கு வர அனுமதித்தார்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, எங்கள் குழுக் காப்பீட்டின் 3 லட்சம் ரூபாய் அறுவைக்கும் பாதி கீமோவுக்கும்தான் போதுமானதாக இருந்தது. மீதிக்கு, காப்பீட்டுத் தொகை தீர்ந்தவர்களுக்கென நிறுவனம் பாலிசியோடு வாங்கிவைத்திருந்த பொதுத் தொகுப்பு நிதி கைகொடுத்தது. ஆனால் அப்படியொன்று இருப்பதே எனக்கு ஐந்தாவது கீமோவின்போதுதான் சொல்லப்பட்டது. இதில் வியப்பு என்னவென்றால், மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கும் டெய்லருக்கு இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீடு வழியாக என்னைவிட நல்ல பாதுகாப்பு இருக்கிறது. சிகிச்சைச் செலவுக்கு உச்சவரம்பு இல்லை. சாதாரண நோய்க்கால உதவியாக 91 நாள் வரை 70 சதவீதக் கூலி கிடைக்கும். புற்றுநோய் என்றால், போதிய பணிக்காலமும் சந்தாவும் இருப்பவருக்கு, நீட்டிக்கப்பட்ட உதவியாக 80 சதவீதம் இரண்டு ஆண்டு வரை கிடைக்கக்கூடும். நோய்க்கால உதவி பெறும் காலத்தில் வேலையைவிட்டு நீக்கவும் கூடாது. இதை அறிவிப்புப் பலகையில் ஒட்ட ஒரு தாள் போதும், ஆனால் இன்னும் ஒட்டவில்லை.

இன்னொரு குறையும் இருக்கிறது. வாய்ப் பரிசோதனைக்கு ஒரு விளக்கும் பயிற்சி பெற்ற கண்ணும் போதும். எங்கள் வளாகத்தில் அது மிக அவசியமானவர்கள், கன்னத்தில் புகையிலையை அதக்கிக்கொண்டே மூட்டை ஏற்றுபவர்கள்தான். அவர்கள் ஒப்பந்ததாரரின் ஆட்கள் என்பதால் இந்த ஆண்டுப் பட்டியலிலும் அவர்கள் பெயர் இல்லை. கேட்டபோது, அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்றார்கள்.